குழந்தைகளுள்ள குடும்பங்களுக்குச் சர்க்கார் வழங்கும் பண உதவி

நமது சங்க அங்கத்தினர்களில் தறி வைத்திருப்போர் உளர். நஞ்சை பயிரிடுவோர் உளர். சொந்த நிலமோ தறியோ போதாமல் நடவுக்கும் அறுப்புக்கும் சென்று கூலி பெறுவோரும் உளர். இம்மூவகையினருக்கும் பொதுவானதொரு விஷயத்தை இவ்விதழில் விளக்க முற்படுகிறோம். கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கும், பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கும், தகப்பனை இழந்த குழந்தை வளரும் வீட்டுக்கும் சர்க்கார் ரொக்கமாகவே பணம் தரும் திட்டங்கள் நம் மாநிலத்தில் பல ஏற்பட்டுள்ளன. அவற்றின் பெயர்களைக் கேள்விப்படாதவர் அநேகமாக இலர். ஆயினும் எந்தப் பணம் யாருக்கு, எந்த மாதத்தில், எந்த நிபந்தனையின் பேரில் கிடைக்கும் என்பதைச் சரிவர அறிந்தவர் சிலரே. காலம் தவறியதனாலேயே கிடைக்க வேண்டிய தொகையை இழக்கும் குடும்பங்கள் ஊர்தோறும் இருக்கின்றன.

நாம் வாழும் பூம்புகார், அமுதசுரபியின் கதை நடந்த ஊர். மணிமேகலையின் கையிலிருந்த அப்பாத்திரம் அள்ள அள்ளக் குறையாதது. சர்க்கார் கஜானா அத்தகையதன்று. ஆகையால்தான் ஒவ்வோர் உதவிக்கும் ஒரு வரம்பும், ஒரு விதியும், ஒரு சான்றிதழும் கூடவே வருகின்றன. இவற்றைக் கண்டு மலைத்துப் போவது இயல்பு. ஆனால் விதியின் காரணத்தை அறிந்துகொண்டால் அதனைப் பின்பற்றுவது அத்துணைக் கடினமன்று.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்வோம். சோறு போடுவதில் நம் மாநிலத்துக்கு நீண்ட பழக்கம் உண்டு. 1956 இல் காமராஜர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1982 இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. 2023 ஆகஸ்டு 25 ஆம் நாள் அதனை மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கிய விழா, நமக்கு அண்மையிலுள்ள திருக்குவளையில்தான் நடந்தது. நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. இவ்வளவு இருக்கப் பணம் வேறு எதற்கு என்று கேட்போர் உளர். அரிசியைக் கொடுத்துப் பேருந்துக்குச் சீட்டு வாங்க இயலாது. நள்ளிரவில் வலி எடுத்த பெண்ணை வாடகைக் காரில் ஏற்றினால் ஓட்டுநர் பணமே கேட்பார். குழந்தைக்குப் பால், நோட்டுப் புத்தகம், மழைக்காலத்தில் கூரைக்குக் கீற்று ஆகிய எதுவும் பணமின்றி வருவதில்லை. உணவு வயிற்றைக் காக்கிறது. பணமோ கந்துவட்டிக்காரரின் வாசலுக்குப் போகாமல் காக்கிறது.

குழந்தை பிறப்பதனாலேயே ஒரு குடும்பம் ஏன் வறுமைக்குள்ளாகிறது என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். கூலி என்பது வேலைக்குக் கிடைப்பது. வீட்டில் எத்தனை வாய் இருக்கிறது என்று பார்த்து எவரும் கூலி நிர்ணயிப்பதில்லை. ஒரு சேலை நெய்தவருக்குப் பிள்ளைகள் இல்லாவிடினும் அதே கூலிதான், நான்கு பிள்ளைகள் இருந்தாலும் அதே கூலிதான். செலவு கூடுகிறது; வரவு கூடுவதில்லை. அது மட்டுமா? நெசவாளர் வீட்டில் தறியில் அமர்பவர் ஒருவராயினும் தார் சுற்றுதல், இழை பிணைத்தல், பாவுக்குக் கஞ்சி போடுதல் ஆகிய வேலைகள் பெரும்பாலும் பெண்களின் கையில் இருக்கின்றன. அப்பெண் கருவுற்றிருக்கும் கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பின்னரும் அவ்வேலை நின்றுவிடுகிறது, அல்லது கூலிக்கு ஆள் வைக்க நேரிடுகிறது. அவளே தறியில் அமர்பவளாயின் இன்னும் கஷ்டம். குழித்தறியில் கால்களைக் குழியில் தொங்கவிட்டு நாள் முழுவதும் மிதிப்பலகையை மிதிப்பது நிறைமாதக் கர்ப்பிணிக்கு ஆகக்கூடிய காரியமா? சேற்று நீரில் குனிந்து நடவு நடும் பெண்ணைப் பற்றியும் இதையே சொல்லலாம். வரவு குறையும் காலமும் செலவு கூடும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

நமது பிரதேசத்தின் பருவமும் இதற்குத் துணைபோகிறது. மேட்டூர் அணை ஜூன் 12 இல் திறக்கப்படுவது மரபாயினும், நீர் கடைசியாக வந்து சேர்வது நம் கடைமடைக்குத்தான். சம்பா அறுவடை முடிந்து தை, மாசி கழிந்தபின் வயல் வேலை அருகிப்போகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ தறிக்குழியில் நீர் ஊறுகிறது. கஞ்சி போட்ட பாவு காய்வதில்லை. கூறைநாட்டுப் பட்டுத் தறியாயினும் சாதாரணப் பருத்தித் தறியாயினும் ஓடுவதில்லை. இம்மாதங்களில் குழந்தை பிறக்கும் வீட்டின் நிலையை விவரிக்க வேண்டியதில்லை.

இந்த உண்மையைச் சட்டமாக்குவதற்கு மேல்நாட்டிலும் நெடுங்காலம் பிடித்தது. இங்கிலாந்தில் எலினோர் ராத்போன் என்னும் அம்மையார், கூலியுடன் சேர்த்துக் குழந்தைகளுக்கெனத் தனித்தொகை தரப்பட வேண்டுமென்று 1924 இல் ஒரு நூல் எழுதி வாதாடினார். குடும்பப் படிச் சட்டம் அந்நாட்டில் நிறைவேறியது 1945 இல். மசோதாவில் அப்பணத்தைத் தகப்பனிடம் தருவதாக முதலில் எழுதியிருந்தனர். தாயிடமே தரவேண்டுமென்று அம்மையார் வற்புறுத்தியதனால் அது மாற்றப்பட்டது. 1946 ஆகஸ்டில் வாரம் 5 ஷில்லிங் வீதம் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதனைக் காண அவர் உயிருடன் இல்லை. முதல் குழந்தைக்கு ஒன்றும் கிடையாது. இரண்டாவது குழந்தையிலிருந்துதான் அப்படி. நம் நாட்டு விதிகள் இதற்கு நேர்மாறாக இருப்பதைக் கீழே காண்போம்.

நம் மாநிலத்தில் இவ்வகை உதவிகளுள் மூத்தது டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி நினைவு மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1987 இல் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு 300 ரூபாய் தருவதாக ஆரம்பமாயிற்று. 1995 இல் 500 ரூபாய் ஆயிற்று. 2006 இல் ஒரேயடியாக 6,000 ரூபாய்க்கு உயர்ந்தது. 2011 இல் 12,000 ஆகி, 2018 இல் 18,000 ஆயிற்று. இந்தப் பதினெட்டாயிரத்தில் 4,000 ரூபாய் பணமாக வருவதில்லை; சத்து மாவு, இரும்புச் சத்து மருந்து, பேரீச்சம்பழம், நெய் முதலியன அடங்கிய ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் இரண்டாக வருகிறது. எஞ்சிய 14,000 ரூபாயே கைக்கு வரும் ரொக்கம். மத்திய சர்க்கார் 2017 ஜனவரி முதல் நடத்திவரும் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டத்தின் பணமும் இதனுள் சேர்க்கப்பட்டுள்ளது. ஆகையால் மத்திய உதவி தனி, மாநில உதவி தனி என்று இருமுறை எதிர்பார்ப்பது வீண்.

14,000 ரூபாய் பெரிய தொகையா, சிறிய தொகையா? கணக்கிட்டுப் பார்ப்போம். நூறுநாள் வேலைக்கு 2025–26 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அவ்விகிதப்படி 14,000 ரூபாய் ஏறத்தாழ 42 நாட்களின் கூலிக்குச் சமம். தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ மகப்பேற்று நலனுக்குச் சட்டப்படி உரிமை பெற்று வேலை செய்யும் பெண்ணுக்கு 2017 முதல் சம்பளத்துடன் 26 வாரம், அதாவது 182 நாள் விடுப்பு உண்டு. தமிழக அரசுப் பெண் ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். தறியில் உழைப்பவளுக்கும் வயலில் உழைப்பவளுக்கும் 42 நாள். குழந்தை எல்லோர் வயிற்றிலும் பத்து மாதமே இருக்கிறது என்பதைச் சட்டம் இயற்றுவோர் நினைவில் வைத்தல் நலம். எனினும் அந்த 42 நாட்கூலியையும் வாங்காமல் விட்டுவிடுவது அறியாமையேயன்றி வேறில்லை.

இனி நிபந்தனைகளைச் சொல்கிறோம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பமாக இருத்தல் வேண்டும். தாய்க்கு 19 வயது நிறைந்திருத்தல் வேண்டும். முதல் இரு பிரசவங்களுக்கே உதவி. கருவுற்ற 12 வாரங்களுக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். முன்னர் ஐந்து தவணைகளாக வந்த ரொக்கம் பின்னர் மூன்றாகச் சுருக்கப்பட்டது: கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000; குழந்தை பிறந்த நான்காம் மாதத்தில் 6,000; ஒன்பதாம் மாதத்தில் 2,000. பிறந்தபின் வரும் தவணைகள் தடுப்பூசியோடு பிணைக்கப்பட்டுள்ளன. ஊசி போடாத குழந்தையின் தாய்க்குப் பணம் வராது. பிரசவமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ ஆகியிருத்தல் வேண்டும்.

இவற்றுள் பலரும் தவறுவது பன்னிரண்டு வாரக் கணக்கில். இக்கணக்கு, கடைசியாக மாதவிலக்கான நாளிலிருந்து தொடங்குகிறது. கரு உண்டானது தெரிந்த நாளிலிருந்து அன்று. நாள் தள்ளிப்போனதை அறிந்து, இன்னும் ஒரு மாதம் பார்ப்போமென்று காத்திருந்தாலே எட்டு வாரத்துக்கு மேல் கழிந்துவிடும். மூன்று மாதம் முடியுமுன் வெளியில் சொல்லலாகாது என்ற வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. ஊராருக்குச் சொல்ல வேண்டாம். செவிலியருக்குச் சொல்லியே ஆகவேண்டும். பதிவு செய்தவுடன் ஓர் எண் தரப்படுகிறது. அந்த எண்ணே குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் கூடவே வருகிறது.

மற்றொரு சிக்கல் நம் வழக்கத்திலிருந்தே எழுவது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்கிறாள். பதிவு புக்ககத்து ஊரில். பிரசவம் பிறந்தகத்து ஊரில். தடுப்பூசி பாதி அங்கும் பாதி இங்கும். ஒரு செவிலியரின் பதிவில் உள்ளது மற்றவரின் பதிவில் ஏறாவிடில் தவணை நின்றுவிடும். தாய்வீடு புறப்படுமுன் இவ்வூர்ச் செவிலியரிடம் தெரிவித்து, அவ்வூர்ச் செவிலியரிடம் அதே எண்ணைக் காட்டுவதொன்றே இதற்கு வழி. புதிதாக மற்றோர் எண் பெற்றுக்கொள்வது குழப்பத்தையே வளர்க்கும்.

இரண்டு குழந்தைகளுக்கு மேல் உதவியில்லை என்னும் விதியில் நமக்கு உடன்பாடு இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டை ஊக்குவிக்கவே இவ்விதி என்பது தெரிந்ததே. ஆயினும் மூன்றாவது குழந்தையும் பசியுடனேயே பிறக்கிறது; தகப்பனும் தாயும் செய்த முடிவுக்கு அது பொறுப்பன்று. இங்கிலாந்துக்காரர் முதல் குழந்தையை விட்டனர். நாம் மூன்றாவதை விடுகிறோம். நமது நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 இல் கர்ப்பிணிகளுக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேற்று உதவி உரிமை என்று கூறியது. ஆனால் 2017 இல் வந்த மத்திய திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் என்று ஆரம்பித்து, 2022 முதலே, இரண்டாவது பெண்ணாயிருப்பின் 6,000 என்று விரிந்தது. சட்டத்தின் சொல்லுக்கும் திட்டத்தின் கைக்கும் இடையே இவ்வாறு தூரம் விழுவது புதிதன்று.

பெண் குழந்தை பிறந்த வீடுகளுக்கு வேறொரு திட்டம் உண்டு. முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் என்பது அதன் பெயர். சில மாவட்டங்களில் பெண் சிசுக்களைக் கொல்லும் கொடுமை வெளிப்பட்ட காலத்தில், 1992 இல், இது தோன்றியது. ஒரே பெண் குழந்தையுடன் நிறுத்திக்கொண்ட பெற்றோருக்கு அதன் பெயரில் 50,000 ரூபாய். இரண்டும் பெண்ணாயின் ஒவ்வொன்றின் பெயரிலும் 25,000 ரூபாய். இத்தொகைகள் 2011 இல் உயர்த்தப்பட்டவை. பணம் பெற்றோர் கையில் தரப்படுவதில்லை. தமிழ்நாடு மின்விசை நிதி நிறுவனத்தில் வைப்பாக இடப்பட்டு, பெண்ணுக்கு 18 வயது நிறைந்தபின், அவள் பத்தாம் வகுப்பு வரை படித்திருப்பின், வட்டியுடன் தரப்படுகிறது. ஆண் குழந்தை இருத்தல் கூடாது. பெற்றோரில் ஒருவர் 40 வயதுக்குள் கருத்தடை அறுவை செய்துகொண்டிருத்தல் வேண்டும். வருமான வரம்பும் உண்டு. விண்ணப்பம் ஒன்றியச் சமூகநல அலுவலரிடம் சேரவேண்டும். குழந்தைக்கு மூன்று வயது ஆவதற்குள் என்பதை மறக்கலாகாது. முதல் பிறந்தநாளுக்குள் கொடுத்துவிடுவது எல்லாவற்றினும் நல்லது.

இத்திட்டம் இன்றைய பசிக்கு உதவாது. பதினெட்டு ஆண்டுக்குப் பின்னர் வரும் பணம். ஆயினும் நம் அங்கத்தினர் வீடுகளில் 2001 முதல் 2007 வரை பிறந்து இவ்வாறு வைப்பு இடப்பட்ட பெண்கள் இப்போது வயது நிறைந்தவர்கள். முதிர்வடைந்தும் வாங்கப்படாத வைப்புகள் உள்ளன என்று மாவட்ட நிர்வாகங்கள் அவ்வப்போது அறிவிக்கை வெளியிடுவதைக் காண்கிறோம். அப்பெண்ணுக்குத் திருமணமாகி ஊர் மாறியிருக்கலாம். வைப்புப் பத்திரம் பெட்டியின் அடியில் கிடக்கலாம். பத்திரத்தைத் தேடியெடுத்துச் சமூகநல அலுவலகத்தில் காட்ட வேண்டியது அவசியம்.

மாதந்தோறும் பெண்களுக்கு 1,000 ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தை அறியாதவர் இலர். 2023 செப்டம்பர் 15 ஆம் நாள் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டபோது ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதனைப் பெறத் தகுதியுடையோராக அறிவிக்கப்பட்டனர். குழந்தை இருக்க வேண்டுமென்ற நிபந்தனை இதில் இல்லை. எனினும் தாயின் கையில் வரும் பணம் என்பதால் இங்கே குறிப்பிடுகிறோம். பயிரிடும் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய விதிகள் இவை: தொடக்கத்தில் வகுக்கப்பட்டபடி குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருத்தல் வேண்டும், நஞ்சை 5 ஏக்கருக்கோ புஞ்சை 10 ஏக்கருக்கோ மேற்படலாகாது, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவாகவே மின்சாரம் செலவாகியிருத்தல் வேண்டும், கார், ஜீப், டிராக்டர் போன்ற நான்கு சக்கர வாகனம் இருத்தல் கூடாது. மனு நிராகரிக்கப்பட்டவர், காரணம் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய அப்போது இடமளிக்கப்பட்டது. விண்ணப்பங்களும் சீட்டுகளும் நியாயவிலைக் கடை ஊழியர் மூலமே வீடுதோறும் சேர்ந்தன என்பதையும், அக்கடைகளில் மிகப் பெரும்பாலானவை கூட்டுறவு ஸ்தாபனங்கள் நடத்துபவை என்பதையும் கூட்டுறவாளராகிய நாம் சற்றுப் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம்.

பெருமைப்பட முடியாத செய்தியும் ஒன்று உண்டு. முதல் மாதப் பணம் வந்தவுடனேயே சில வங்கிகள், கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான அபராதத்தை அதிலிருந்து பிடித்துக்கொண்டன. அவ்வாறு பிடிக்கலாகாது என்று மாநில நிதியமைச்சர் 2023 செப்டம்பரிலேயே எச்சரிக்க நேர்ந்தது. வங்கிகளைக் குறை கூறுமுன் நம்மையும் ஒருமுறை நோக்குதல் தகும். பயிர்க்கடன் தவணை பாக்கி, நூல் கணக்கில் பாக்கி என்று சொல்லி, அங்கத்தினரின் மனைவிக்கு வந்த மகப்பேற்றுத் தொகையைச் சங்கக் கணக்கில் வரவு வைக்கும்படி கேட்பது முறையா? கடன் கணவன் பேரில்; பணம் குழந்தையின் பொருட்டுத் தாய்க்கு வந்தது. கடனை வசூலிக்கச் சங்கத்துக்குச் சட்டம் பல வழிகளை வைத்திருக்கிறது. இந்த வழி அவற்றுள் ஒன்றாகலாகாது என்பதே நமது திடமான அபிப்பிராயம். நிர்வாகக் குழுக்கள் இதனைத் தீர்மானமாகவே எழுதி வைத்துக்கொள்ளலாம். கடன் கேட்டு வருபவரிடம், மாதம் ஆயிரம் வருகிறதே என்று அதனைத் திருப்பிச் செலுத்தும் சக்தியாகக் கணக்கிடுவதும் விரும்பத்தக்கதன்று.

நெசவுக் கூலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கார் உதவி வருகிறதென்று கூலி உயர்வைத் தள்ளிப்போடும் எண்ணம் எவர் மனத்திலும் எழலாகாது. உதவித் தொகை, கூலியின் பற்றாக்குறையை மூடி மறைக்கும் துணியாக ஆகிவிட்டால், அது குழந்தைக்குப் போய்ச் சேராது. குறைந்த கூலி கொடுப்பவருக்கே லாபமாக முடியும்.

பள்ளி முடித்த பிள்ளைகளுக்கான உதவி, நம் மாவட்டத்துப் பெயரொன்றைத் தாங்கியது. மயிலாடுதுறைக்கு அருகேயுள்ள மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார் 1883 முதல் 1962 வரை வாழ்ந்தவர். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர். அவர் பெயரால் 1989 இல் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் தரும் திட்டம் ஏற்பட்டது. பின்னர் தொகை பன்மடங்கு உயர்ந்து, தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022 இல் திருமண உதவி, உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண், பட்டப்படிப்போ பட்டயப்படிப்போ தொழிற்பயிற்சியோ முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய் அவளது கணக்கிலேயே சேரும் என்ற ஏற்பாட்டுடன் 2022 செப்டம்பர் 5 இல் புதுமைப் பெண் திட்டம் ஆரம்பமாயிற்று. ஆண் பிள்ளைகளுக்கும் இதுபோன்றே தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவருக்கும் பின்னர் இடமளிக்கப்பட்டது. கல்யாணத்துக்குத் தந்ததைப் படிப்புக்கு மாற்றியதைக் குறை கூறுவோர் உளர், நாம் கூறமாட்டோம். மகப்பேற்றுத் திட்டத்துக்குப் பெயர் தந்த முத்துலெட்சுமி ரெட்டியும், இத்திட்டத்துக்குப் பெயர் தந்த மூவலூர் அம்மையாரும் ஒரே கொடுமையை எதிர்த்து நின்றவர்கள் என்பது, மனுப் படிவம் நிரப்புவோர் கண்ணில் படாத ஒரு பொருத்தம். இவ்வுதவிக்கு மனு கல்லூரி மூலமே செல்கிறது. வெளியில் எவருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை.

தகப்பனையோ தாயையோ இழந்த குழந்தைகளைப் பற்றிக் கடற்கரையோரத்தில் உள்ள நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஐ நாம் மறந்தவர்களல்லோம். அக்காலத்தில் அநாதைக் குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதே முதல் யோசனையாயிருந்தது. இப்போது கருத்து மாறியுள்ளது. உறவினர் வீட்டிலேயே குழந்தை வளரட்டும், அதற்காகும் செலவைச் சர்க்கார் தரட்டும் என்பதே புதிய முறை. மத்திய சர்க்காரின் மிஷன் வாத்சல்யா என்னும் திட்டத்தின்கீழ் 2022 முதல் இத்தகைய குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. கணவனை இழந்தோ கைவிடப்பட்டோ இருக்கும் தாயின் குழந்தை, உறவினரிடம் வளரும் பெற்றோரற்ற குழந்தை, பெற்றோர் கொடிய நோயுற்ற வீட்டுக் குழந்தை ஆகியோர் இதற்கு உரியவர். கிராமங்களில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேற்படலாகாது. மனுச் செய்ய வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானபின் இதற்கென நாகப்பட்டினம் வரை செல்ல வேண்டிய நிலை நீங்கியது. 2025 செப்டம்பர் 15 இல் மாநில சர்க்கார் அன்புக் கரங்கள் என்ற பெயரில் மாதம் 2,000 ரூபாய் உதவியையும் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்தோருக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ளோருக்கும் 18 வயது வரை என்பது அதன் விதி.

இந்த உதவியே எல்லாவற்றினும் மிகக் குறைவாகக் கேட்கப்படுவது என்று நாம் கருதுகிறோம். காரணம் எளிது. கர்ப்பிணியைத் தேடிச் செவிலியர் வருகிறார். மாணவிக்குக் கல்லூரி இருக்கிறது. கணவனை இழந்த இளம்பெண்ணைத் தேடி எந்த உத்தியோகஸ்தரும் வருவதில்லை. துக்கத்தில் இருப்பவளுக்கு மனு எழுதும் மனமும் இராது. அங்கத்தினர் ஒருவர் காலமானால், பங்குத்தொகையையும் கடன் பாக்கியையும் கணக்கிடும்பொருட்டுச் சங்கத்துக்குச் செய்தி முதலில் வந்துவிடுகிறது. வீட்டில் 18 வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை என்று அதே தாளில் ஒரு வரி எழுதிக்கொண்டு, மாவட்ட அலுவலகத்துக்கு மனுவைத் தயார் செய்து கொடுப்பது செயலாளருக்கு அரை நாள் வேலை.

பணத்தைக் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவர், ஆண்கள் குடித்துத் தொலைப்பர் என்னும் ஆட்சேபம் எந்த நாட்டிலும் எழுவதுதான். அமெரிக்காவில் 1935 முதல் தகப்பன் ஆதரவற்ற குழந்தைகளுக்கு நடந்துவந்த உதவியை, இதே காரணம் கூறி 1996 இல் மாற்றி, ஒரு குடும்பத்துக்கு மத்திய நிதியிலிருந்து ஆயுளில் மொத்தம் ஐந்தாண்டுக்கு மேல் இல்லையென்று வரம்பு கட்டினர். நம் உதவிகளோ ஒரு பிரசவத்துக்கு 14,000, மாதத்துக்கு 1,000 என்ற அளவிலானவை. ஆயிரம் ரூபாய் கிடைக்கிறதென்று தறியை நிறுத்திவிட்டு உட்கார எந்த வீட்டாலும் இயலாது. மூன்று நாள் கூலிக்குச் சமமான தொகை அது. குடியைப் பற்றிய அச்சம் நியாயமானதே. பணம் தாயின் பெயரிலுள்ள கணக்கில் சேர வேண்டுமென்ற விதி அதற்காகவே ஏற்பட்டது. பணம் எடுக்கும் அட்டையும் அதன் இரகசிய எண்ணும் கணவனின் சட்டைப்பையில் இருப்பின் அவ்விதி இருந்தும் பயனில்லை.

கணக்கைப் பற்றிச் சில குறிப்புகளுடன் முடிக்கிறோம். உதவித் தொகை ஆதார் எண்ணுடன் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்குக்கே வரும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உள்ள சேமிப்புக் கணக்கு இதற்குப் பயன்படாது. மத்தியக் கூட்டுறவு வங்கியின் கிளையில் உள்ள கணக்கு பயன்படும். 2020 இல் சில வங்கிகள் மற்ற வங்கிகளுடன் இணைக்கப்பட்டமையால் பழைய பாஸ் புத்தகத்திலுள்ள கிளைக் குறியீடு செல்லாததாகியிருக்கலாம். புதிய புத்தகம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆதாரில் தகப்பனார் முதலெழுத்தும் பாஸ் புத்தகத்தில் கணவர் முதலெழுத்தும் இருப்பின், எது சரி என்று வாதாடாமல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதே மேல். இதனைத் திருமணமான ஆண்டிலேயே செய்துவிட்டால் கர்ப்ப காலத்தில் அலைய வேண்டியிராது. ஒரு பெண்ணுக்கு இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு இருந்தால், ஆதாருடன் கடைசியாக எது இணைக்கப்பட்டதோ அதில்தான் பணம் விழும். வரவில்லை என்று புகார் எழுதுமுன் மற்றக் கணக்குகளையும் பார்த்துவிட வேண்டும். கைப்பேசி எண்ணைக் கேட்கும்போது பலர் கணவரின் எண்ணையே கொடுக்கின்றனர். அவர் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குச் சென்றால் பணம் வந்த செய்தியும், மனு நிராகரிக்கப்பட்ட செய்தியும் அவருடனேயே ஊர் தாண்டிவிடுகின்றன. மேல்முறையீட்டுக்கான முப்பது நாளும் அங்கேயே கழிந்துவிடுகின்றன. வீட்டிலேயே இருக்கும் கைப்பேசியின் எண்ணைப் பதிவில் கொடுக்க வேண்டும்.